அரை நயா பைசா யாருக்கு?

1941 மே 12. போர் நடந்துகொண்டிருந்த பெர்லினில் கோன்ராட் சூசே என்ற இளம் பொறியாளர் தன் புதிய இயந்திரத்தைச் சில விஞ்ஞானிகளுக்கு ஓட்டிக் காட்டினார். இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட ரிலேக்கள் படபடவென்று திறந்து மூடின. விமானத் தொழிற்சாலையில் கணக்குகளைக் கையால் போட்டுப் போட்டுச் சலித்துப்போனவர் அவர். முதல் இயந்திரத்தைப் பெற்றோர் வீட்டு முன்னறையிலேயே கட்டியவர். மூன்றாவதாகக் கட்டிய இந்த இயந்திரம், இசட்-3, ஓர் எண்ணுக்கு 22 பிட் இடம்தான் ஒதுக்கியது. அவ்வளவு சின்ன இடத்தில் மிகப் பெரிய எண்ணையும் மிகச் சிறிய எண்ணையும் எப்படி அடைப்பது?

எண்ணை இரண்டு கூறாகப் பிரித்தார் சூசே. இலக்கங்கள் ஒரு பக்கம். புள்ளி எந்த இடத்தில் விழ வேண்டும் என்ற குறிப்பு மறுபக்கம். புள்ளிக்கு நிலையான இடம் இல்லை; எண்ணுக்கேற்ப இடமும் வலமும் நகரும். மிதக்கும் புள்ளி, அதாவது ஃப்ளோட்டிங் பாயின்ட் என்று பின்னாளில் பெயர் பெற்றது இந்த ஏற்பாடுதான். ஆனால் அந்த இயந்திரத்துக்கு ஆயுள் இரண்டரை ஆண்டுகள்தான். 1943 டிசம்பரில் பெர்லின் மீது விழுந்த குண்டுகளில் இசட்-3 அழிந்தது. யோசனையாவது தப்பியதா என்றால், அதையும் வேண்டாம் என்று சொல்ல அமெரிக்காவில் ஒரு மேதை இருந்தார்.

அவர் ஜான் வான் நியூமன். 1946இல் பிரின்ஸ்டனில் புதுக் கணினி ஒன்றுக்குத் திட்டம் தீட்டியபோது, மிதக்கும் புள்ளி தேவையில்லை என்று அவரும் அவருடைய கூட்டாளிகளும் எழுதினார்கள். நினைவகம் பொன்னைப் போல் அருமையான காலம் அது. புள்ளியின் இடத்தைக் குறித்து வைப்பதற்காக அதை வீணாக்குவானேன்? கணக்குப் போடுகிறவரே புள்ளியை நினைவில் வைத்துக்கொள்ளலாமே என்பது வாதம். பிரின்ஸ்டன் இயந்திரம் 40 பிட் எண்களோடு வந்தது. அதே வழியில் பம்பாயிலும் 40 பிட் கணினி ஒன்று உருவாகத் தொடங்கியது. டாடா அடிப்படை ஆராய்ச்சி நிலையத்தில் அந்த வேலையை நடத்தியவர் சென்னையில் பிறந்த ஆர்.நரசிம்மன். அந்த இயந்திரம் எழுந்து நிற்பதற்குள் இந்திய அரசு நாட்டின் கணக்கையே மாற்றிப் போட்டது.

1957 ஏப்ரல் 1. அதுவரை ரூபாய்க்கு 16 அணா, 64 காலணா, 192 தம்பிடி. அன்று முதல் ரூபாய்க்கு 100 நயா பைசா. பத்துப் பத்தாக எண்ணுவது எளிது, பள்ளிப் பிள்ளைக்கும் புரியும் என்பது நோக்கம். எட்டணா 50 பைசா ஆனது. நாலணா 25 ஆனது. அதுவரை ஒரு சிக்கலும் இல்லை. ஓரணாவுக்கு வந்தபோதுதான் கணக்கு இடித்தது. 100ஐ 16ஆல் வகுத்தால் 6.25 வந்தது. கால் பைசாவுக்கு நாணயம் கிடையாது.

அரசு ஒரு விதி வகுத்தது. கிட்டத்தில் இருக்கும் முழுப் பைசாவை எடுத்துக்கொள்ள வேண்டும். சரிபாதியாக அரையில் நின்றால் கீழே இருக்கும் பைசாவை எடுக்க வேண்டும். ஆக ஓரணாவுக்கு 6 பைசா. இரண்டணா 12.5, விதிப்படி 12. மூன்றணா 18.75, அதற்கு 19. காகிதத்தில் விதி நேர்த்தியாகத்தான் இருந்தது. கடைத்தெருவில் அதே நாலணாவுக்கு இரண்டு விலை வந்தது.

நாலணாவை ஒரே நாணயமாகக் கொடுத்தால் 25 பைசா. அதையே நான்கு தனி ஓரணாக்களாக நான்கு கடைகளில் கொடுத்தால் ஆறு நான்கு 24 பைசா. எந்த வரிசையில் கூட்டினோம், எந்த இடத்தில் முழுமையாக்கினோம் என்பதைப் பொறுத்து விடை மாறியது. கூட்டல் என்பது எப்படிக் கூட்டினாலும் ஒன்றுதான் என்ற பள்ளிப் பாடம் கல்லாப்பெட்டியில் பொய்த்தது. யாரும் திருடவில்லை, ஒரு பைசா மட்டும் காணாமல் போனது.

அரையில் நின்ற தொகைகள் நான்கு: இரண்டணா, ஆறணா, பத்தணா, பதினாலணா. அவற்றின் சரியான மதிப்பு 12.5, 37.5, 62.5, 87.5. கூட்டினால் 32 அணா, அதாவது சரியாக 2 ரூபாய். அரசு விதிப்படி அவை 12, 37, 62, 87 ஆயின. கூட்டினால் 198. இரண்டு ரூபாயில் இரண்டு பைசா போய்விட்டது. அரை வந்தபோதெல்லாம் ஒரே பக்கமாகச் சாய்ந்ததால் வந்த நட்டம் அது. இதற்கு மருந்து ஒன்று இருந்தது. ஆனால் அது நாடெங்கும், ஏன் உலகமெங்கும் நடைமுறைக்கு வர இன்னும் 28 ஆண்டுகள் ஆக வேண்டியிருந்தது.

இதனிடையே யாரும் எதிர்பாராத முரண் ஒன்று வந்து சேர்ந்தது. 1960இல் பம்பாயில் நரசிம்மன் குழு கட்டிய டிஃப்ராக் இயங்கத் தொடங்கியது. இந்தியாவிலேயே வடிவமைத்துக் கட்டிய முதல் பொதுப்பயன் மின்னணுக் கணினி அது. அதன் எண்கள் 0, 1 என்ற இரண்டே இலக்கங்களால் ஆனவை. இரண்டின் அடிப்படையில் எண்ணும் இயந்திரத்துக்கு அரை, கால், அரைக்கால், மாகாணி எல்லாம் கைவந்த பின்னங்கள். ஓரணா என்பது ரூபாயில் பதினாறில் ஒரு பங்கு, இரண்டடிமானத்தில் 0.0001 என்று நான்கே இலக்கங்களில் பிசிறில்லாமல் முடிந்துவிடும். காலணாவுக்கு ஆறு இலக்கங்கள் போதும். நாடு கைவிட்ட பழைய அணாதான் புதிய இயந்திரத்துக்குப் பொருந்தியது!

பத்து பைசாவோ முடியவே இல்லை. பத்தில் ஒன்றை இரண்டடிமானத்தில் எழுதினால் 0.000110011001100... என்று 0011 முடிவில்லாமல் திரும்பத் திரும்ப வரும். மூன்றில் ஒன்று நம் எழுத்தில் 0.333 என்று நீள்வது போலவே இதுவும். எவ்வளவு இடம் கொடுத்தாலும் ஓரிடத்தில் வெட்டித்தான் ஆக வேண்டும். ஒரு ரூபாய்க்குள் இருக்கும் பைசாத் தொகைகளில் 25, 50, 75 ஆகிய மூன்று மட்டுமே கணினியில் துல்லியமாக அமர்ந்தன. நாலணா, எட்டணா, பன்னிரண்டணா! மற்ற 96 தொகைகளிலும் வால் ஒன்று வெட்டுப்பட்டது. வெட்டிய இடத்தில் என்ன செய்வது என்பதில்தான் அடுத்த கூத்து தொடங்கியது.

சிலர் இந்தத் தொல்லையே வேண்டாம் என்று பத்தின் அடிப்படையிலேயே கணினி செய்தார்கள். 1963இல் கான்பூர் ஐஐடிக்கு வந்த ஐபிஎம் 1620 அப்படிப்பட்டது. கூட்டல் வாய்ப்பாட்டையும் பெருக்கல் வாய்ப்பாட்டையும் நினைவகத்தில் வைத்துக்கொண்டு, ஒவ்வோர் இலக்கமாகப் பார்த்துப் பார்த்து விடை எழுதியது. பத்தில் ஒன்று அதில் பத்தில் ஒன்றாகவே இருந்தது. ஆனால் வேகம் போதவில்லை. விஞ்ஞானிகளுக்கு வேகம் வேண்டும். வேகத்துக்கு இரண்டடிமானம் வேண்டும். பெரிய, சிறிய எண்களுக்கு மிதக்கும் புள்ளி வேண்டும். வான் நியூமன் வேண்டாமென்றது 1960களில் எல்லாப் பெரிய கணினிகளிலும் வந்து உட்கார்ந்தது. ஆனால் ஒவ்வொரு நிறுவனத்திலும் வேறு வேறு முறையில்.

1964இல் ஐபிஎம் அறிவித்த 360 வரிசை பதினாறின் அடிப்படையில் மிதக்கும் புள்ளியை அமைத்தது. 64 பிட் கணக்கில், கடைசியில் கைகொடுக்க வேண்டிய காவல் இலக்கம் ஒன்றை விட்டுவிட்டார்கள். விளைவு, ஓர் எண்ணை ஒன்றால் பெருக்கினால்கூடக் கடைசி இலக்கம் உதிர்ந்தது. வாடிக்கையாளர்கள் கொதித்தார்கள். ஏற்கெனவே விற்றுப் பல ஊர்களில் ஓடிக்கொண்டிருந்த இயந்திரங்களைத் தேடிப் போய் ஐபிஎம் திருத்த வேண்டியதாயிற்று. 1973இல் சென்னை ஐஐடிக்கு வந்த ஐபிஎம் 370/155 அந்தப் பதினாறடிமானக் குடும்பத்தைச் சேர்ந்ததுதான். ஐபிஎம் கதை இவ்வளவு என்றால் மற்றவர்கள் கதை இன்னும் விநோதமாக இருந்தது.

சில கணினிகளில் ஓர் எண் பூஜ்யமா என்று சோதித்தால் இல்லை என்று வரும். அதே எண்ணால் வகுத்தால் பூஜ்யத்தால் வகுக்காதே என்று இயந்திரம் நின்றுவிடும். அனுபவப்பட்டவர்கள் அந்த எண்ணை முதலில் ஒன்றால் பெருக்கிச் சுத்தம் செய்துகொண்டு பிறகு சோதித்தார்கள். ஒரே நிரல் ஓரிடத்தில் ஒரு விடை தந்தது, இன்னோரிடத்தில் வேறு விடை தந்தது. எது சரி என்று சொல்ல நடுவர் இல்லை. இந்த அலங்கோலங்களையெல்லாம் டொரன்டோவில் தொடங்கி வருடக்கணக்காகக் குறித்துக்கொண்டே வந்தார் ஒருவர். வில்லியம் கஹான். 1976இல் அவரைத் தேடி ஓர் அழைப்பு வந்தது.

அழைத்தவர் இன்டெல் நிறுவனத்தின் ஜான் பாமர். மிதக்கும் புள்ளிக் கணக்குக்கென்றே ஒரு தனிச் சிப் செய்ய நினைத்தார் அவர். விற்குமா என்று விற்பனைப் பிரிவினர் தயங்கினார்கள். எத்தனை விற்கும் என்று நீங்களே ஓர் எண்ணை எழுதிக் கொடுங்கள், அதற்கு மேல் விற்கும் ஒவ்வொன்றுக்கும் ஒரு டாலர் கொடுத்தால் போதும், சம்பளமே வேண்டாம் என்று பாமர் சவால் விட்டார். எதிரில் இருந்தவர்கள் பின்வாங்கினார்கள். சிப் வேலை தொடங்கியது. பெர்க்லியில் பேராசிரியராக இருந்த கஹான் ஆலோசகராக வந்ததும் சொன்ன முதல் யோசனை, டிஈசி நிறுவனத்தின் வாக்ஸ் கணினி முறையை அப்படியே எடுத்துக்கொள்ளலாம் என்பதுதான். பாமர் மறுத்தார். இது லட்சக்கணக்கில் விற்கப்போகிற பொருள். நல்லது போதாது, இருப்பதிலேயே சிறந்தது வேண்டும் என்றார். அந்த ஒரு மறுப்பு எல்லாவற்றையும் மாற்றியது.

1977இல் ஐஈஈஈ என்ற பொறியாளர் அமைப்பு எல்லா நிறுவனங்களுக்கும் பொதுவான விதி வகுக்க ஒரு குழுவைக் கூட்டியது. கஹான், அவருடைய மாணவர் ஜெரோம் கூனன், ஹரால்ட் ஸ்டோன் ஆகிய மூவரும் ஒரு வரைவை முன்வைத்தார்கள். எதிரில் டிஈசி தன் வாக்ஸ் முறையோடு நின்றது. சண்டை மூண்ட இடம் பூஜ்யத்தின் வாசல். இரண்டு வெவ்வேறு எண்கள் மிக நெருக்கமாக இருந்தால் அவற்றின் வித்தியாசம் எழுத முடியாத அளவுக்குச் சிறுத்துவிடும். வாக்ஸ் அதைப் பூஜ்யம் என்று துடைத்துவிட்டது. வேறு வேறான இரண்டைக் கழித்தால் பூஜ்யம் வரலாமா? கூடாது என்றார் கஹான். இலக்கங்களைக் கொஞ்சம் கொஞ்சமாக இழந்தாவது வித்தியாசத்தைக் காப்பாற்ற வேண்டும் என்றது அவர் வரைவு.

இதைச் சிப்பில் செய்யவே முடியாது, செய்தாலும் வேகம் செத்துவிடும் என்றது எதிர்த்தரப்பு. இன்டெல் அதைச் செய்துகொண்டிருப்பது கஹானுக்குத் தெரியும். ஆனால் தொழில் ரகசியம். வாய் திறக்க முடியாது. அப்போது பெர்க்லி மாணவர் ஜார்ஜ் டெய்லர், அதே வாக்ஸ் கணினிக்குள் பொருத்தும்படியான ஒரு சர்க்யூட் அட்டையை இந்த முறைப்படி வடிவமைத்துக் காட்டினார். டிஈசி கடைசி அம்பை எடுத்தது. மேரிலாண்ட் பல்கலைக்கழகத்தின் ஜி.டபிள்யூ.ஸ்டூவர்ட் என்ற மதிப்புமிக்க பேராசிரியரிடம் இதை ஆராயும் பணியைக் கொடுத்தது. 1981இல் பாஸ்டனில் நடந்த கூட்டத்தில் அவர் எழுந்தார்.

கஹான் சொல்வதுதான் சரி என்றார் ஸ்டூவர்ட். பணி கொடுத்தவர்கள் அதை எதிர்பார்க்கவில்லை. அதற்குள் 1980இலேயே இன்டெலின் 8087 சிப் சந்தைக்கு வந்து, முடியாது என்றதை முடித்துக் காட்டிவிட்டது. 1985இல் ஐஈஈஈ 754 என்ற பெயரில் விதி அதிகாரபூர்வமானது. நான்கு ஆண்டுகள் கழித்துக் கஹானுக்குக் கணினித் துறையின் டூரிங் விருது கிடைத்தது.

அந்த விதிக்குள் அரைப் பைசா வழக்குக்கும் தீர்ப்பு இருந்தது. சரிபாதியில் நின்றால் எப்போதும் கீழே சாயாதே, எப்போதும் மேலேயும் ஏறாதே. கிட்டத்தில் இருக்கும் இரட்டைப்படை எண்ணுக்குப் போ என்றது அது. 12.5 இறங்கி 12 ஆகும். 37.5 ஏறி 38 ஆகும். 62.5 இறங்கி 62, 87.5 ஏறி 88. கூட்டினால் 200. 1957இன் விதி தொலைத்த இரண்டு பைசாவும் திரும்பி வந்துவிட்டது. பிழை ஒழியவில்லை, ஏற்றமும் இறக்கமும் ஒன்றையொன்று ஈடுகட்டிக்கொண்டன. 0.1, 0.2 இரண்டையும் கூட்டினால் 0.30000000000000004 என்றுதான் கணினி சொன்னது. ஆனால் பதினேழாவது இடத்தில் வரும் அந்த 4, விதியைக் கடைப்பிடித்த எல்லா நிறுவனங்களின் சிப்பிலும் ஒரே 4 ஆனது.

ஒரு பக்கமாகவே வெட்டினால் என்ன ஆகும் என்பதற்கு 1983இலேயே சாட்சி கிடைத்திருந்தது. 1982இல் வான்கூவர் பங்குச்சந்தை ஒரு புதுக் குறியீட்டெண்ணை 1000 புள்ளிகளில் தொடங்கியது. ஒவ்வொரு பரிவர்த்தனைக்குப் பிறகும் எண்ணைப் புதுப்பித்து, மூன்று தசமத்துக்கு மேல் இருந்ததை முழுமையாக்காமல் வெட்டி எறிந்தார்கள். நாளொன்றுக்குச் சுமார் மூவாயிரம் வெட்டுகள். சந்தை நன்றாக இருந்தும் 1983 நவம்பரில் குறியீடு 524.811க்கு விழுந்திருந்தது. சரியாகக் கணக்கிட்டால் அது 1098.892. அங்கே போனது வெறும் புள்ளிகள். எட்டு ஆண்டுகள் கழித்து உயிர்கள் போயின.

1991 பிப்ரவரி 25. சவுதி அரேபியாவின் தஹ்ரானில் அமெரிக்கர்களின் பேட்ரியாட் ஏவுகணைக் காவல் அமைப்பு நூறு மணி நேரத்துக்கு மேல் நிற்காமல் ஓடிக்கொண்டிருந்தது. அதன் கடிகாரம் நொடியில் பத்தில் ஒரு பங்காக நேரத்தை எண்ணியது. மறுபடியும் அதே பத்தில் ஒன்று! 24 பிட்டில் அது வெட்டுப்பட்டிருந்தது. ஒவ்வொரு துடிப்பிலும் ஒரு நொடியின் கோடியில் ஒரு பங்குக்கும் குறைவான பிழை. நூறு மணி நேரத்தில் சேர்ந்தது 0.34 நொடி. அந்த நேரத்தில் ஸ்கட் ஏவுகணை அரைக் கிலோமீட்டருக்கு மேல் கடந்துவிடும். பேட்ரியாட் தவறான வானத்தில் தேடியது. ஸ்கட் படைவீரர்கள் தங்கியிருந்த கட்டடத்தில் விழுந்து 28 பேர் இறந்தார்கள். திருத்திய மென்பொருள் தஹ்ரானுக்கு வந்து சேர்ந்தது மறுநாள்.

அதற்குப் பிறகு 754 விதி சத்தமில்லாமல் பரவியது. மேசைக் கணினிக்குள் போனது, பிறகு கைப்பேசிக்குள் போனது. 2008இல் திருத்தியபோது பத்தடிமான எண்களையும் அதில் சேர்த்தார்கள். பத்து பைசாவைப் பத்து பைசாவாகவே எழுத முறையான வழி பிறந்தது. அந்த விதி தங்கள் மலைக்கும் வேலை செய்துகொண்டிருக்கிறது என்று யாரும் எண்ணிப் பார்த்திராத ஓர் ஊரை 2023 ஏப்ரல் 29ஆம் தேதி நாடே திரும்பிப் பார்த்தது.

இடுக்கி மாவட்டத்துச் சின்னக்கானல். தேயிலையும் ஏலமும் விளையும் மலை. தமிழ்த் தொழிலாளர்களின் லயங்கள். அரிசி வாசனைக்கு ரேஷன் கடைச் சுவரை உடைத்துவந்த ஒரு கொம்பன் யானை, அரிக்கொம்பன். அரிக்கொம்பனுக்கு அன்று மயக்க ஊசி போட்டு, நான்கு கும்கிகளை நிறுத்தி, கழுத்தில் ரேடியோ காலர் பூட்டி லாரியில் ஏற்றிப் பெரியார் புலிகள் காப்பகத்துக்குக் கொண்டுபோனார்கள். அதன் பிறகு யானை எங்கே என்ற கேள்விக்கு விடை ஜிபிஎஸ் தரும் இரண்டு எண்கள்தான். சின்னக்கானல் என்றால் அட்சரேகை 10ஐ ஒட்டி, தீர்க்கரேகை 77ஐத் தாண்டி. மூன்று தசமத்தோடு வெட்டினால் நூறு மீட்டருக்கு மேலும் இடம் தவறலாம். சோலைக்குள் நிற்கும் யானைக்கும் லயத்து வாசலில் நிற்கும் யானைக்கும் உள்ள தூரம் அது.

அந்த எண்களைப் பெறும் வேலை இன்னும் நுணுக்கமானது. ஜிபிஎஸ் செயற்கைக்கோள்கள் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றுகின்றன. அங்கிருந்து சைகை வந்து சேர எடுக்கும் நேரத்தை ஒளியின் வேகத்தால் பெருக்கினால் தூரம் கிடைக்கும். தஹ்ரானில் தவறிய 0.34 நொடி இங்கே தவறினால் யானை ஒரு லட்சம் கிலோமீட்டர் தள்ளிப் போய்விடும். அத்தனை பெரிய தூரத்தை 32 பிட் மிதக்கும் புள்ளியில் எழுதினால் இரண்டு மீட்டருக்கு ஒரு படியாகத்தான் எண்கள் கிடைக்கும். இடையில் எதுவும் இல்லை. கஹானின் விதியில் உள்ள 64 பிட் எண்ணில் அந்தப் படி ஒரு மில்லிமீட்டரில் இரண்டரை லட்சத்தில் ஒரு பங்குக்கும் கீழே. வெட்டுப்படும் வால் எந்த யானையையும் நகர்த்தாது.

மே மாத இறுதியில் அரிக்கொம்பன் தமிழ்நாட்டு எல்லையைத் தாண்டிக் கம்பம் நகருக்குள் வந்தது. ஜூனில் அதை மறுபடி பிடித்துக் களக்காடு முண்டந்துறைக் காப்பகத்தில் விட்டார்கள். மாநிலம் மாறியது, காடு மாறியது. கேரள அதிகாரியின் கணினியிலும் தமிழ்நாட்டு வனக்காவலரின் கைப்பேசியிலும் ஒரே எண் ஒரே இடத்தைத்தான் காட்டியாக வேண்டும். அப்படிக் காட்டும் என்ற உறுதிக்குப் பின்னால் இருப்பது 1985இல் எழுதி முடித்த அந்த உடன்பாடு.

பத்தில் ஒன்று இரண்டடிமானத்துக்குள் இன்றும் அடங்கவில்லை, இனியும் அடங்காது. அதனால்தான் கூலிச் சீட்டும் வங்கிக் கணக்கும் எழுதும் நிரல்களில் ரூபாயை மிதக்கும் புள்ளியில் வைக்கக் கூடாது. பைசாக்களை முழு எண்ணாகவோ பத்தடிமான எண்ணாகவோ எண்ணி வைப்பதே முறை. ஒரு பைசாதானே என்று அதை விட்டுவிடுவதற்கு எந்த நிரலாளருக்கும் உரிமை இல்லை. அந்தப் பைசா ஒரு தொழிலாளியின் கூலியிலிருந்து போகிறது.